பைத்துல்மாலுக்கு கியூஆர் ஒட்டுவதற்கு முன்

கேள்வி: எங்கள் மஹல்லா பைத்துல்மாலில், அதாவது பள்ளிவாசல் வட்டாரத்தின் பொது நிதியில், கடமையான ஜகாத், விருப்பத் தர்மமான ஸதகா, நோன்புப் பெருநாள் தர்மமான ஃபித்ரா ஆகியவற்றை யூபிஐ வழியாக வாங்கலாம், சின்னதாக ஒரு ஆப்பும் செய்யலாம் என்று இளைஞர்கள் சிலர் சொல்கிறோம். 'ஜகாத்தைக் கையில் கொடுத்தால்தான் நிறைவேறும்' என்று மூத்தவர்கள் தயங்குகிறார்கள். மார்க்கத்தில் தடை உண்டா? இந்தோனேசியா, மலேசியாவில் எல்லாம் போனிலேயே நடக்கிறதாமே, அங்கிருந்து நாம் எதை எடுத்துக்கொள்ளலாம்?

பதில்:

வ அலைக்குமுஸ்ஸலாம். மார்க்கச் சந்தேகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இருப்பதில் அதுதான் சுலபம்.

ஜகாத் நிறைவேற இரண்டு விஷயங்கள் வேண்டும். கொடுப்பவரிடம் நிய்யத் (மனதில் எண்ணம்) இருக்க வேண்டும். கொடுத்தது, தகுதியுள்ளவரின் கையில் அவருடைய சொந்த உடைமையாகப் போய்ச் சேர வேண்டும். இவை நடந்தால், நடுவில் பணம் நோட்டாகப் போனதா வங்கி வழியாகப் போனதா என்பது கடமையைப் பாதிக்காது. ஷாஃபி, ஹனஃபி இரண்டு மத்ஹபிலும் (மார்க்கச் சட்ட வழிகளிலும்) ஜகாத்தை வகீலிடம், அதாவது நம் சார்பில் கொடுப்பவரிடம், ஒப்படைக்கலாம். ஒப்படைக்கும்போதோ, தொகையைத் தனியே பிரித்து வைக்கும்போதோ நிய்யத் வைத்தால் போதும். போனில் பின் நம்பர் போடும் நேரம்தான் ஒப்படைக்கும் நேரம். வாங்குகிற ஏழையிடம் 'இது ஜகாத்' என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் கிடையாது.

ஆனால் மூத்தவர்களின் தயக்கத்தை ஒதுக்கிவிடாதீர்கள். ஆட்சியாளர் நியமித்த ஆமிலிடம் (ஜகாத் வசூலிப்பவரிடம்) கொடுத்தால் கொடுத்தவுடனேயே கடமை நீங்கிவிடும். நம் பைத்துல்மால்கள் அப்படிப்பட்டவை அல்ல, கொடுப்பவரின் வகீல்கள்தான். ஆகவே பணம் உங்கள் கணக்கில் ஏறிய நொடியில் அவருடைய கடமை முடியவில்லை, ஏழையிடம் சேரும்போதுதான் முடிகிறது என்று எடுத்துக்கொள்வதே பேணுதல். டிஜிட்டல் வசூலில் இங்கேதான் ஆபத்து. பெட்டியில் கிடக்கும் நோட்டு நிர்வாகிகளை உறுத்தும். எண்ண வேண்டும், பூட்ட வேண்டும், சீக்கிரம் கொடுத்துத் தீர்க்க வேண்டும். வங்கியில் இருக்கும் தொகை யாரையும் உறுத்தாது. ஷவ்வாலில் கொடுத்திருக்க வேண்டியது இரண்டு மாதம் தள்ளி துல்ஹஜ்ஜிலும் கிடக்கும், அடுத்த ரமலானில் 'கையிருப்பு' என்று அறிக்கையில் வரும். ஜகாத் கணக்கில் கையிருப்பு அதிகம் என்பது பெருமைக்குரிய செய்தி அல்ல. அத்தனை பேருடைய கடமை பாக்கி நிற்கிறது என்று அர்த்தம்.

அதனால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: கியூஆர் ஒட்டுவது கடைசி வேலை. கணக்கைப் பிரிப்பது, யாருக்குக் கொடுப்பது என்ற பட்டியல், கொடுப்பது போய்ச் சேரும் வழி, இவை மூன்றும் சரியான பிறகுதான் வாசலில் ஸ்டிக்கர் வர வேண்டும். ஆப் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ஒரு மஹல்லாவுக்கு நல்ல எக்செல் பதிவேடும் ஒழுங்கான ரசீதும் போதும்.

கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள். ஜும்ஆவுக்குப் பிறகு துண்டு ஏந்தி வசூலிப்பது லில்லாஹ், அதாவது பள்ளிவாசலுக்கான பொது நன்கொடை. அதைக் கொண்டு கரண்ட் பில் கட்டலாம், இமாமுக்கும் மோதினாருக்கும் சம்பளம் கொடுக்கலாம், ஹவுளை (ஒளுச் செய்யும் தண்ணீர்த் தொட்டியை) பழுது பார்க்கலாம். ஜகாத்தில் இதில் எதையும் செய்ய முடியாது. குர்ஆன் 9:60இல் எட்டு வகையினரைச் சொல்லிவிட்டது. பள்ளிவாசல் கட்டடம் அதில் இல்லை. இதுவரை துண்டும் உண்டியலும் ஜகாத் கவரும் வெவ்வேறாக இருந்ததால் பிரிவு தானாகவே நடந்தது. ஒரே கியூஆரை ஒட்டினால் அந்தப் பிரிவு அழிந்துவிடும். யூபிஐயில் குறிப்பு எழுத இடம் உண்டு. பத்தில் ஒருவர் அதில் எழுதினால் அதிகம். ராத்திரி பதினொரு மணிக்கு ஐயாயிரம் ரூபாய் வரும், யார் அனுப்பினார்கள் என்பது தெரியும், எதற்கு என்று தெரியாது. அதை லில்லாஹ் என்று எடுத்து ஏசி ரிப்பேருக்குச் செலவு செய்துவிட்டால், அனுப்பியவருடைய ஜகாத் நிறைவேறாமல் போய்விடலாம்.

ஆகவே ஜகாத்துக்கு ஒரு வங்கிக் கணக்கு, லில்லாஹ்வுக்கு வேறு கணக்கு. முடிந்தால் ஃபித்ராவுக்கும் தனி. ஒவ்வொன்றுக்கும் தனி நிறத்தில் கியூஆர். மேலே பெரிய எழுத்தில் பெயர். வந்த ஒவ்வொரு தொகைக்கும் பதிவேட்டில் ஒரு வரி: தேதி, தொகை, 12 இலக்க பரிவர்த்தனை எண், எந்த நிதி. குறிப்பு இல்லாமல் வந்தால் அனுப்பியவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை அந்தப் பணத்தைத் தொடாதீர்கள்.

கணக்கு பைத்துல்மாலின் பெயரிலேயே இருக்க வேண்டும். பொருளாளரின் சொந்த நம்பருக்கு வாங்குவது பல ஊர்களில் நடக்கிறது. அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அவர் மவுத்தானால் அந்தப் பணத்தை வங்கி அவருடைய நாமினிக்கோ வாரிசுகளுக்கோதான் கொடுக்கும். வருமானவரிக் கேள்வி வந்தால் அவர் தலையில்தான் விழும். யாரோ ஒருவர் மோசடிப் பணத்திலிருந்து ஆயிரம் ரூபாய் அனுப்பி, அதன் மீது சைபர் கிரைமில் புகார் போனால் கணக்கே முடங்கும். ரமலான் கடைசிப் பத்தில் அப்படி முடங்கினால் என்ன செய்வீர்கள்? டிரஸ்ட்டாகவோ, 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் சங்கமாகவோ பதிந்து, அதற்கென்று பான் எண் வாங்கி, இரண்டு பேர் கையெழுத்தில் கணக்கு திறப்பதுதான் முறை. இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆகட்டும்.

வாசலில் வைப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைகளில் இருக்கிறதே, பணம் வந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ், அதைச் சில இடங்களில் பள்ளிவாசலிலும் வைக்கிறார்கள். தயவுசெய்து வைக்காதீர்கள். தொழுதுவிட்டு வெளியே வரும் கூட்டத்தில் ஒருவருக்கு 'ஐயாயிரம் ரூபாய் பெறப்பட்டது' என்றும், அவருக்குப் பின்னால் வரும் கூலித் தொழிலாளிக்கு 'பத்து ரூபாய் பெறப்பட்டது' என்றும் அது சொல்லும். அந்தத் தொழிலாளி அடுத்த வாரம் கொடுக்கத் தயங்குவார். வெளிப்படையாகக் கொடுப்பது நல்லதுதான், மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்று 2:271 சொல்கிறது. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியாமல் கொடுத்தவருக்கு மறுமையில் அல்லாஹ்வின் நிழல் உண்டு என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. உண்டியல் இதைத் தானாகவே காப்பாற்றியது, யூபிஐ காப்பாற்றாது. அனுப்பியவர் பெயர் உங்களுக்குத் தெரிந்தே தீரும். எனவே அந்தப் பட்டியலை மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் வேண்டாம். மொத்தத் தொகையைப் போடுங்கள், பெயர்களைப் போடாதீர்கள். ரசீதை அவரவர்க்குத் தனியே அனுப்புங்கள். உண்டியலையும் எடுத்துவிடாதீர்கள். பெயர் தெரியாமல் கொடுக்க நினைப்பவருக்கும், போன் பழகாத பெரியவர்களுக்கும் அதுதான் வழி.

இனி இந்தோனேசியா. அங்கே 2001இல் பாஸ்னாஸ் என்ற தேசிய ஜகாத் வாரியம் வந்தது, 2011ஆம் ஆண்டின் 23ஆம் எண் சட்டம் அதற்கு வலுக்கொடுத்தது. 2019 ஆகஸ்ட் 17இல் நாடு முழுவதற்கும் ஒரே கியூஆர் முறையாக 'கிரிஸ்' அறிமுகமானது. பள்ளிவாசல் உண்டியல்களிலெல்லாம் அந்த ஸ்டிக்கர் ஏறியது. 2023 ஏப்ரலில், அதாவது ரமலான் மாதத்திலேயே, ஜகார்த்தாவில் ஒருவர் பள்ளிவாசல் பள்ளிவாசலாகப் போய் உண்டியல்களில் தன் சொந்த கியூஆரை ஒட்டினார். பணம் பெறும் பெயராக 'பள்ளிவாசல் புனரமைப்பு' என்ற பொருள்படும் சொற்களைப் பதிந்து வைத்திருந்தார். ஸ்கேன் செய்பவருக்குச் சந்தேகமே வராது. தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பெரிய பள்ளிவாசலான இஸ்திக்லாலிலும் அந்த ஸ்டிக்கர் இருந்தது. ஒரு பள்ளிவாசலின் சிசிடிவி காட்சி வெளியே பரவிய பிறகே ஊர் விழித்தது, ஆள் பிடிபட்டார்.

இந்தச் சம்பவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய. ஸ்டிக்கராக ஒட்டாதீர்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள், பூட்டிய அறிவிப்புப் பலகையில் வையுங்கள். பணம் போடும் முன் திரையில் என்ன பெயர் வர வேண்டும் என்பதைப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பொதுவான பெயராக இல்லாமல் உங்கள் ஊர், தெருப் பெயரோடு அது இருக்கட்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாங்கு சொல்வதற்கு முன் நிர்வாகி ஒருவர் தன் போனில் ஒரு ரூபாய் போட்டு, அது கணக்கில் ஏறுகிறதா என்று பார்க்கட்டும். வாட்ஸ்அப்பில் கியூஆர் படம் அனுப்பும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். படம் பத்துக் குழு தாண்டிப் போகும்போது நடுவில் யார் மாற்றினார் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அதே நாட்டில் இன்னொரு விஷயம், இது திருடனுடைய வேலை அல்ல. ஆக்ஸி செபாட் தங்காப், சுருக்கமாக ஏசிடி, இணையத்தில் பெருமளவு நன்கொடை திரட்டிய தொண்டு அமைப்பு. 2022 ஜூலையில் டெம்போ வார இதழ் அதன் நிர்வாகிகளின் சம்பளத்தையும் செலவுகளையும் வெளியிட்டது. 1980ஆம் ஆண்டின் அரசாணைப்படி திரட்டிய நிதியில் நிர்வாகச் செலவுக்கு 10 சதவீதம்தான் எடுக்கலாம். இவர்கள் சராசரியாக 13.7 சதவீதம் எடுத்ததாக அமைச்சகம் சொன்னது. நிதி திரட்டும் அனுமதி ரத்தானது. 2018இல் விழுந்த லயன் ஏர் விமானத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்காக போயிங் கொடுத்த நிதி தவறாகப் போனது தொடர்பாக நிர்வாகிகள் தண்டனையும் பெற்றார்கள். ஆப் அழகாக இருந்தது, விளம்பரம் கண்ணீர் வரவழைத்தது. எவ்வளவு வந்தது, எவ்வளவு பிடித்தம், எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற மூன்று எண்களை மட்டும் கொடுத்தவர்கள் கேட்கவில்லை.

இந்தப் பிடித்தம் நம் விஷயத்திலும் வரும். யூபிஐயில் இப்போதைக்கு வங்கி எதுவும் பிடிப்பதில்லை, கொடுத்தது முழுதாக ஏறும். கார்டு, பேமென்ட் கேட்வே, நிதி திரட்டும் இணையதளங்கள் அப்படி அல்ல. அங்கே கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் போகும். ஒரு லட்சம் ஜகாத் கொடுத்தவரின் பணத்தில் இரண்டாயிரம் கட்டணமாகப் போய்விட்டால் ஏழைக்குச் சேர்ந்தது 98,000தான். 'ஆமில்களின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்கிறோம்' என்று சிலர் சொல்கிறார்கள். ஆட்சியாளர் நியமிக்காதவர் ஆமில் ஆவாரா என்பதில் நம் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்தச் சர்ச்சைக்குள் போகாமலிருக்க, கட்டணத்தைக் கொடுப்பவர் மேற்கொண்டு சேர்த்துக் கட்டட்டும், இல்லையென்றால் லில்லாஹ் நிதியிலிருந்து ஈடுகட்டுங்கள். ஐ.நா. அகதிகள் ஆணையம் 2019இல் தொடங்கிய அகதிகள் ஜகாத் நிதிகூட, ஜகாத்தாக வந்தது முழுவதும் பயனாளிகளுக்கே என்ற உறுதியோடுதான் ஃபத்வா பெற்றது.

மலேசியாவை நம்மோடு ஒப்பிடும்போது நிதானம் வேண்டும். அங்கே ஜகாத் மாநில மார்க்க மன்றங்களின் அதிகாரத்தில் இருக்கிறது. கோலாலம்பூரில் ஜகாத் வசூல் மையம் 1991இலேயே வந்துவிட்டது. மாதச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். முக்கியமாக, தனிநபர் கட்டிய ஜகாத் தொகை அவர் கட்ட வேண்டிய வருமானவரியிலிருந்து அப்படியே கழிகிறது. ஆயிரம் ரிங்கிட் ஜகாத் கட்டினால் ஆயிரம் ரிங்கிட் வரி குறையும். போனில் கட்டுவது அங்கே வளர்ந்ததற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம். நம்மிடம் அது இல்லை. 80ஜி என்று நாம் பழகிய, நன்கொடைக்கான வருமானவரிச் சலுகைகூட, ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்கு மட்டும் என்று இயங்கும் அமைப்புக்குக் கிடையாது. ஆர்வக் கோளாறில் ரசீதில் '80ஜி உண்டு' என்று அச்சடித்துவிடாதீர்கள்.

எனக்குப் பிடித்த முன்மாதிரி சிங்கப்பூருடையது. அது போனுக்கு எத்தனையோ காலம் முந்தையது. 1975இல் அங்கே பள்ளிவாசல் கட்டும் நிதி தொடங்கியபோது, வேலை பார்க்கும் முஸ்லிம்களின் சம்பளத்திலிருந்து மாதம் 50 காசு, சேமநிதி வழியாகவே பிடித்தார்கள். விரும்பாதவர் எழுதிக் கொடுத்து விலகலாம். அந்தச் சில்லறையில்தான் புதிய குடியிருப்புப் பேட்டைகளில் வரிசையாகப் பள்ளிவாசல்கள் எழுந்தன. கட்டடம் கண் முன்னே எழுந்ததால் நம்பிக்கையும் வளர்ந்தது. ஜகாத் அல்ல, நன்கொடைதான். ஆனாலும் சின்னத் தொகை, ஒழுங்கான மாதப் பிடித்தம், கண்ணுக்குத் தெரியும் பலன் என்ற ஏற்பாட்டை உங்கள் லில்லாஹ் நிதிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். யூபிஐயில் மாதாமாதம் தானாகப் போகும் ஆட்டோபே வசதி அதற்கென்றே இருக்கிறது.

கட்டாயமாகப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாகிஸ்தான் இருக்கிறது. 1980ஆம் ஆண்டு ஜகாத் அவசரச் சட்டப்படி, ரமலான் முதல் நாளில் நிஸாபுக்கு (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவுக்கு) மேலுள்ள சேமிப்புக் கணக்குகளிலிருந்து வங்கிகளே இரண்டரை சதவீதத்தைக் கழித்தன. ஷியாக்கள் இஸ்லாமாபாத்தில் திரண்டு எதிர்த்து விலக்குப் பெற்றார்கள். மற்றவர்களில் பலர் முந்தைய மாதமான ஷஃபான் கடைசியில் பணத்தை எடுத்துவிட்டு, ரமலான் பிறந்ததும் திரும்பப் போட்டார்கள். அவர்களில் எத்தனையோ பேர் வெளியே தாங்களாகவே ஜகாத் கொடுப்பவர்கள். வசூலிக்கிறவர் மேல் நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்.

ஜகாத் கணக்கிடும் ஆப்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இளைஞர்கள் அதைத்தான் முதலில் பகிர்கிறார்கள். பல ஆப்கள் நிஸாபைத் தங்கத்தில் 85 கிராம், வெள்ளியில் 595 கிராம் என்று வைக்கின்றன. நம் நாட்டு ஹனஃபி உலமாக்கள் 87.48 கிராம், 612.36 கிராம் என்பார்கள். அது சின்ன வித்தியாசம். தங்கத்தை அளவாக வைப்பதா வெள்ளியை வைப்பதா என்பது மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். வெள்ளியை வைத்தால் ஓரளவு சேமிப்புள்ள சாதாரணக் குடும்பமே ஜகாத் கொடுப்பவராகிவிடும். அடுத்து நகை. பெண்கள் அணியும் அளவான நகைக்கு ஷாஃபி மத்ஹபில் ஜகாத் இல்லை, ஹனஃபியில் உண்டு. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ ஒரு ஷாஃபி குடும்பம் ஹனஃபி முறையில் செய்த ஆப்பைத் திறந்தால் வேறு தொகைதான் வரும். ஒருமுறை ஜகாத் கொடுத்த பொருளுக்கு மறு வருடம் இல்லை என்று ஒரு சாரார் நம்மூரில் சொல்கிறார்கள், எந்த ஆப்பிலும் அந்தக் கேள்வியே இருக்காது. ஆப் கூட்டிக் கழித்துத் தரும். எதைக் கூட்டுவது என்பதை உங்கள் ஹஜ்ரத்திடம் (ஆலிமிடம்) கேளுங்கள்.

ஃபித்ரா வேறு மாதிரி. ஷாஃபியில் அந்த ஊரின் பிரதான உணவையே கொடுக்க வேண்டும், நமக்கு அரிசி, ஆளுக்கு ஒரு ஸாவு, சுமார் 2.5 கிலோவுக்குச் சற்றுக் கூட. பணமாகக் கொடுத்தால் போதாது. ஹனஃபியில் அதன் கிரயத்தை, அதாவது விலையைப் பணமாகக் கொடுக்கலாம். ஷாஃபி மஹல்லாவில் யூபிஐயில் பணம் வாங்கினால், 'அரிசி வாங்கி என் சார்பில் கொடுக்க உங்களை வகீலாக்குகிறேன்' என்ற வாசகத்தைக் கியூஆருக்குக் கீழேயே எழுதி வையுங்கள். பெருநாள் தொழுகைக்கு முன் கொடுத்தால்தான் ஃபித்ரா, பிறகு கொடுத்தால் அது மற்ற ஸதகாக்களில் ஒன்று என்பது ஹதீஸ். பிறை தெரிந்த ராத்திரி பத்து மணிக்குப் பணம் வந்தால் அரிசிக் கடை திறந்திருக்காது. அதனால் ரமலான் 27க்கே யூபிஐ வசூலை மூடிவிடுங்கள். அதற்குப் பிறகு வருபவர் அரிசியாகவே கொண்டுவரட்டும்.

இப்போது கொடுக்கும் பக்கம். ஜோர்டானில் சிரிய அகதிகள் கார்டும் பின் நம்பரும் இல்லாமல், ஏடிஎம்மில் கண்ணைக் காட்டிப் பணம் எடுக்கும் ஏற்பாடு வந்தது. அதைப் பார்த்துவிட்டு நாமும் எல்லோருக்கும் வங்கியிலேயே போட்டுவிடலாம் என்று தோன்றும். நம் மஹல்லாவின் விதவைப் பெண்மணியின் கணக்கைப் பாருங்கள். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகளில் மாதாமாதம் அபராதம் ஏறியிருக்கலாம். நீங்கள் மூவாயிரம் போட்டால் வங்கி முதலில் தன் பாக்கியை எடுக்கும். சுயஉதவிக் குழுக் கடனின் தவணை அதே கணக்கில் இருந்தால் மீதியும் போகும். பணம் அவருடைய உடைமையாகிக் கடனில் கழிந்தது, எனவே ஜகாத் நிறைவேறிவிட்டது என்று சொல்லலாம். வீட்டில் அரிசி இல்லை என்பது அப்படியே இருக்கும். கார்டும் போனும் மகன் கையில் இருக்கும் வீடுகளும் உண்டு. ஆகவே ஒவ்வொருவரையும் கேளுங்கள்: வங்கியில் வேண்டுமா, கையில் வேண்டுமா? வங்கி என்றால் இருப்புக் கட்டாயம் இல்லாத ஜன்தன் கணக்கு இருக்கிறதா, அது அவர் கையில்தான் இருக்கிறதா?

பயனாளிப் பட்டியலை இரண்டு மூன்று பேருக்கு மேல் பார்க்கக் கூடாது. ஆதார் நகலைக் குழுவில் போட்டு 'இவருக்குக் கொடுக்கலாமா' என்று கேட்பதும், அரிசி மூட்டையோடு நிற்க வைத்துப் போட்டோ எடுப்பதும் பெரும் அநீதி. கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்ற 2:264 யாருக்காக இறங்கியது? தன்மானத்தால் கேட்காமல் இருப்பவரைத் தேடிக் கொடுக்கச் சொல்கிறது 2:273. போட்டோ எடுப்பார்கள் என்று தெரிந்தால் அவர் உங்கள் பக்கமே வரமாட்டார். ஆதாரம் வேண்டும் என்று கொடுத்தவர் கேட்டால், 'இந்த மாதம் இத்தனை குடும்பம், இவ்வளவு மருத்துவம், இவ்வளவு கடன் தீர்ப்பு' என்ற ஒரு பக்கக் கணக்கும் ஆடிட்டர் கையெழுத்தும் கொடுங்கள்.

எல்லைகள் தாண்டிக் கொடுப்பதும் இப்போது சுலபமாகிவிட்டது. செல்வந்தரிடம் எடுத்து 'அவர்களுடைய ஏழைகளுக்கு' திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தோழர் முஆத் (ரலி) அவர்களை ஏமன் நாட்டுக்கு அனுப்பும்போது நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஷாஃபி மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி ஜகாத்தை வேறு ஊருக்கு மாற்றக் கூடாது. ஹனஃபியில் உறவினருக்காகவோ கூடுதல் தேவையுள்ளவருக்காகவோ மாற்றலாம். உருக்கமான வீடியோ வந்தவுடன் ஆயிரம் மைல் தள்ளிப் பணம் போய், அடுத்த தெருவில் டயாலிசிஸ் நோயாளி விட்டுப்போகிற நிலை வரக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசியாக வளைகுடாப் பணம். 2023 ஜனவரியில் சவூதி, அமீரகம், கத்தார், ஓமன், சிங்கப்பூர் உள்ளிட்ட 10 நாடுகளின் மொபைல் எண்ணிலேயே, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளிலிருந்து யூபிஐ செய்ய வழி பிறந்தது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் குடியுரிமை வாங்கிவிட்ட நம்மூர்க்காரர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் அவரிடம் பைத்துல்மால் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டில்லி ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில்தான் முதலில் வாங்க முடியும். கியூஆரை யார் வேண்டுமானாலும் ஸ்கேன் செய்யலாம் என்பதால், 'இந்தியக் குடிமக்கள் மட்டும்' என்ற வரியைப் பலகையில் எழுதுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமையுள்ள உறவினர் அனுப்பியது தெரிந்தால் அந்தப் பணத்தில் கை வைக்கும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். அவர்கள் ஊரில் இருக்கும் தங்கள் ஏழைச் சொந்தங்களுக்கு நேரடியாகவே ஜகாத் அனுப்பட்டும். பெற்றோர், பிள்ளைகள், மனைவி தவிர மற்றச் சொந்தங்களுக்குக் கொடுத்தால் ஜகாத்துக்கு ஒன்றும் உறவைப் பேணியதற்கு ஒன்றுமாக இரட்டைக் கூலி உண்டு.